பதினாறு வருடம் என்ற கட்டம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இரண்டு வருடங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில், களப்பணியாளர்கள் பதினான்கு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். மனித உரிமைகள் பற்றிய அவர்கள் பார்வையை அளப்பது என் வேலை.
2. யார் பெயரும் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தேன்.
3. பெயர்களை நீக்கி, பதில்களை எக்ஸெல் தாளாக நிர்வாகிக்கு அனுப்பினேன்.
4. மூன்றாவது வாரம் ஒருவருக்கு வேலை போனது.

அவர் நாற்பத்தைந்து வயது அக்கா. தொழிற்பேட்டையைச் சுற்றி வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்குத் தினமும் போய்வருபவர். தாளைக் கையில் வாங்கியதும், "இன்னாம்மா இது, பரிச்சையா? பெயிலானா ஊட்டுக்கு அனுப்பிடுவியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பதின்மூன்றாவது கேள்வி: 'தொழிலாளர் புகாரை அழுத்தம் எதுவும் இல்லாமல் உங்களால் பதிவுசெய்ய முடிகிறதா?' அங்கே வந்ததும் அவர் பேனா நின்றது.

"பேரு வராதுல்ல கண்ணு?"

"வராதுக்கா."

மற்ற பதின்மூன்று பேரும் 'ஆம்' என்று வட்டமிட்டிருந்தார்கள். அவர் மட்டும் 'இல்லை' போட்டு, கீழே காரணமும் எழுதினார். பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிய ஒரு ஒடிசா தொழிலாளியின் புகாரை எடுக்க வேண்டாம் என்று மேலிருந்து சொன்னார்களாம். அவர் வேலை செய்த ஆலைதான் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தருகிறதாம்.

நான் புள்ளியியல் படித்தவள். தாளில் பெயர் இருந்த நெடுவரிசையை அழித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வயது, பாலினம், பணி அனுபவம் மூன்றும் அப்படியே இருந்தன. என் கணக்குக்கு அவை தேவை. நிர்வாகிக்கு எதற்கு என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஒருநாள் அந்த அக்கா போன் செய்தார். "பேரு வராதுன்னியேம்மா. சார் பிரிண்ட் எடுத்து வெச்சிக்கினு கேக்குறாரு, பதினாறு வருசம் சர்வீஸ் இங்க உன்ன விட்டா யாருக்குன்னு."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை.

அவருக்கு வேலை போன பிறகு நிர்வாகியிடம் பேசினேன். காரணம் வேறு என்றார். மீஞ்சூரில் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உடும்மா," என்றவர், டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த ஆளு கம்ப்ளெயிண்ட்டையாவது எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொழிலாளியைப் பற்றி ஒருமுறைகூட நான் விசாரித்திருக்கவில்லை. அவர் எனக்கு ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். பிறகு விசாரித்தேன். புகாரை எடுக்கவில்லை. அவர் ஊருக்கே போய்விட்டார்.

உரிமைகளை அளக்கப் போன இடத்தில், எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் தர வேண்டியிருந்தது ஒரே ஒரு பாதுகாப்பு. அதைத் தரவில்லை. அக்கா இப்போது தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலை கேன்டீனில் காய் நறுக்குகிறார். என் அறிக்கை அச்சாகிவிட்டது. பதின்மூன்றாவது கேள்விக்கு நேராக, 'இல்லை: ஒருவர்' என்று அதில் இருக்கிறது.