விலைச்சீட்டு அறுக்காத குடை

சிவப்பு உடை போட்ட குழந்தை கூட்டத்தில் தொலையாது என்று நான் மனதார நம்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடங்கள் இன்னும் பின்னால் வருகின்றன, அவற்றுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கருப்புக் குடை தொங்குகிறது. கைப்பிடியில் விலைச்சீட்டைக் கட்டியிருக்கும் நூலைக்கூட யாரும் அறுக்கவில்லை. மழைக்கோ வெயிலுக்கோ அதை எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் என் சின்ன மகள். அவளுக்கு அப்போது நான்கு வயது, இப்போது ஏழு. அந்தக் குடை கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு என் சகலை ஞாபகம் வரும்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவன். கல்யாண வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அசராமல் சிரிக்க வைத்து அனுப்புவேன். அந்தத் தைரியமெல்லாம் கடைப் படி வரைக்கும்தான். படி இறங்கிவிட்டால் பஸ் வருமா, வந்தால் நிற்குமா, நின்றால் கதவு மூடுமா என்று ஆரம்பித்துவிடுவேன். இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டவளுக்கு நெடுநாளாக ஓர் ஆசை: கப்பலில் போக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்றில் இடம் பிடித்தாள். மத்தியானத்துக்குள் துறைமுக வாசலில் நிற்க வேண்டும், வாசல் சாத்தினால் சாத்தினதுதான் என்று சொல்லியிருந்தார்கள். எல்லோருக்கும் கடலைப் பார்த்துப் பயம் வரும். எனக்குக் கடலுக்கு முன்னால் கடக்க வேண்டிய சென்னையைப் பார்த்துத்தான் பயம். ஒரு மனைவி, ஏழு வயதில் ஒருத்தி, நான்கு வயதில் ஒருத்தி. கை எனக்கு இரண்டுதான்.

அதனால் துறைமுகம் வரைக்கும் சகலையைத் துணைக்குக் கூப்பிட்டேன். என் மனைவியின் அக்காள் கணவர். சின்ன காஞ்சிபுரத்தில் மாவு மில் வைத்திருந்தார். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் அரிசி மாவு இருக்கும். அவருடைய நிதானத்தைப் பற்றிச் சொல்வதென்றால், அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கோயில் கோபுரம்கூடச் சற்று அவசரப்படுவது போலத் தோன்றும். ‘வர்றவங்க வரட்டும்பா’ என்பார். மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர்களுக்கும் அதேதான், கடன்காரனுக்கும் அதேதான், சாவுக்கும் அதையேதான் சொல்வார் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பும் தாமதமாகத்தான் வரும். நான் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு வரும்.

வைகாசி கருடசேவைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவோம். விடியற்காலையில் பெருமாள் கருடன்மேல் வெளியே வரும்போது தெருவில் கால் வைக்க இடமிருக்காது. நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்தில் சகலை ஒரு காரியம் செய்வார். எல்லாரும் சாமி பார்க்க முண்டுகிற நேரத்தில் அவர் ஒரு முனையில் சுவரோடு ஒட்டி நின்று தன் கருப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். மழை இருக்காது, வெயிலும் இன்னும் வந்திருக்காது. “யோவ், கொடைய மடக்குயா! சாமி தெர்ல!” என்று பின்னாலிருந்து திட்டுவார்கள். கொஞ்சம் சாய்த்துக்கொள்வார், மடக்க மாட்டார். எங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மூலைக்கொருவராகச் சிதறினாலும் தரிசனம் முடிந்ததும் அந்தக் குடையைப் பார்த்து வந்து சேர்ந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வெள்ளைக் குடை சாமிக்கு, கருப்புக் குடை பெரியப்பாவுக்கு. நானோ ஒவ்வொரு வருடமும் சாமியைப் பார்க்காமல் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெருமாள் எப்படி இருந்தார் என்று மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன்.

கப்பலுக்குப் புறப்பட்ட அன்று அவர் அந்தக் குடையோடுதான் வந்தார். கம்பி வளைந்து, ஓரிடத்தில் ஒட்டுப் போட்ட குடை. சொகுசுக் கப்பல் ஏறப்போகிறவர்களோடு அது வருவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

“அண்ணா, மழையும் இல்ல, வெயிலும் இல்ல. மெட்ராஸுக்கு எதுக்கு இந்தக் கொட?”

“கொட மழைக்குன்னு யாருபா சொன்னது?”

“வீட்ல வெச்சிட்டு வாங்க. என்கிட்ட வேற ஐடியா இருக்குது.”

அவர் குடையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

என் ஐடியா, சிவப்பு. கடையில் பத்துப் புடவைக்கு நடுவில் ஒரு மிளகாய்ப்பழச் சிவப்பை விரித்தால் வாசலில் போகிறவர் கண்கூட உள்ளே வரும். இதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆகவே அதே சிவப்பில் பிள்ளைகளுக்குப் பச்சை பார்டர் வைத்துக் கவுன், மனைவிக்குப் புடவை, எனக்குச் சட்டை. எவ்வளவு கூட்டமானாலும் ஒருவரை ஒருவர் பளிச்சென்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? சகலைக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். “இது கப்பல்காரன் சொன்னானா, நீயா சொல்றியா?” என்று கேட்டுவிட்டு வெள்ளைச் சட்டையிலேயே வந்தார். சென்னையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஓர் அம்மாள் நேராக என்னிடம் வந்து, “டாக்ஸி வரைக்கும் இன்னா கேக்கற?” என்று பெட்டியை என் கையில் கொடுத்தாள். சிவப்புச் சட்டையைப் பார்த்துப் போர்ட்டர் என்று நினைத்துவிட்டாள். சகலை சிரித்து முடிக்கும்போது நாங்கள் லாட்ஜுக்கே வந்துவிட்டோம்.

மறுநாள் கப்பல். காலையில் லாட்ஜ் அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. “கப்பல்ல எல்லார் புள்ளைங்களும் ஷூ போட்டுக்கினு வரும், எம் புள்ளைங்க மட்டும் ரப்பர் செருப்புலயா?” என்றாள் மனைவி. தி.நகருக்குப் போனோம். மார்கழி மாதம். அந்தத் தெருவில் கூட்டம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் வேறு. நாங்கள் தெருவுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில், அம்மன் கோயிலுக்கு மாலை போட்டுக்கொண்டு போய்த் திரும்பிய பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஆண், பெண், கைக்குழந்தை எல்லாரும் தலை முதல் கால் வரை சிவப்பு. மார்கழி முழுக்க இந்தப் பஸ்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. கடை வாசலில் நின்று நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனாலும் தையல்காரரிடம் துணி கொடுத்தபோது அது என் மூளைக்கு எட்டவில்லை.

அப்போதும் சின்னவளின் கை என் கையில்தான் இருந்தது. விட்டது எப்போது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு துணிக்கடை வாசலில் ‘அசல் காஞ்சிபுரம்’ என்று எழுதி ஒரு புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டைப் பார்த்தால் என் கை தானாக நீளும். ஒரு கையில் முந்தானையைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால்தான் பட்டு பேசும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். தேய்த்தேன். பாதிதான் பட்டு. “அசலாம் அசல்!” என்று சிரித்தபடி திரும்பினேன். பக்கத்தில் பெரியவள் இருந்தாள், மனைவி இருந்தாள், சகலை இருந்தார். சின்னவள் இல்லை.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியாது, வரிசையாகச் செய்யவில்லை. கிழக்கே ஓடினேன், பாதியில் மேற்காக இருக்குமோ என்று திரும்பினேன். அவள் பெயரைக் கத்தினால் யாராவது தெரிந்துகொண்டு கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, “பாப்பா! பாப்பா!” என்று கத்தினேன். அந்தத் தெருவில் இருந்த எல்லாப் பாப்பாக்களும் திரும்பிப் பார்த்தன. எங்கே பார்த்தாலும் சிவப்பு. ஒரு பாத்திரக் கடை ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கவுன் தெரிந்ததும் பாய்ந்து போய் அப்படியே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். குழந்தை வீறிட்டது. அது என்னுடையது இல்லை.

“யோவ்! யார்யா நீ? எம் புள்ளய எதுக்குத் தூக்கற?”

“அம்மா, எம் பொண்ண காணோம்மா... செவப்பு கவுனு...”

“இங்க எல்லாந்தான் செவப்பு! கண்ணு தெர்ல?”

சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒருவர் சொன்னார், நான்கு பேர் ஆமாம் என்றார்கள். நல்லவேளையாக அவர்களுடைய குழுத் தலைவர், கழுத்தில் மாலையோடு ஒரு பெரியவர், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு காலரை விடுவித்தார்.

“கொழந்த எப்படி இருக்கும் சார்? இன்னா செவப்பு?”

“மிளகாப்பழச் செவப்பு சார். பச்ச பார்டரு, சின்னச் சின்ன புட்டா. ஓரத்துல ஒரு இழ ஜரிகை.”

அவர் கேட்டார்: “தொலஞ்சது பொடவையா சார்?”

அதற்குச் சிரிக்க அப்போது எனக்கு வரவில்லை. பக்தர்கள் நான்கு பக்கமும் பிரிந்து போனார்கள். நல்ல மனிதர்கள். ஒவ்வொருவராக மூன்று சிவப்புக் குழந்தைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றும் அழுதன. மூன்றும் வேறு யாருடையவையோ.

மூச்சு வாங்கப் பழைய இடத்துக்கு ஓடி வந்தேன், அவளே திரும்பி வந்திருப்பாளோ என்று. வரவில்லை. மனைவி பெரியவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பொடவையக் கண்டா புள்ளய வுட்டுடுவியா நீ?” என்றாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ‘நீ’ என்றது அன்று ஒரு முறைதான். அவளுக்குப் பக்கத்தில், நடைபாதை நடுவில், என் சகலை நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தம்புதுக் கருப்புக் குடை. பக்கத்துத் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியிருக்கிறார். விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். விலைச்சீட்டு அவர் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன்.

“கொழந்தையக் காணோம், நீங்க கொட வாங்கிக்கினு நிக்கிறீங்களா? நவுருங்கண்ணா! அந்தப் பக்கம் போய்த் தேடுங்க!”

அவர் நகரவில்லை. நான் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். மாவு மூட்டையைத் தள்ளியது போல இருந்தது.

“நீ ஓடு சகல,” என்றார். “நா நவுர மாட்டேன்.”

அவர் குடைக் காம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இருந்தாலும் எனக்கு நிற்க வரவில்லை. மறுபடி ஓடினேன். போலீஸ்காரரைத் தேடிப் பிடித்தேன். தினமும் நூறு பேரிடம் பேசிப் பிழைக்கிறவனுக்குத் தன் மகளின் வயது வாயில் வரவில்லை. அந்த நேரத்தில் துறைமுக வாசல் சாத்தினால் என்ன, கடலே வற்றினால் என்ன. போலீஸ்காரரை இழுத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது குடைக்குக் கீழே என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சின்னவள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்காரர் என்னைத் தூக்கிவிட்டு, “இவர பாத்துக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கப்பலைப் பிடித்துவிட்டோம். இரண்டு நாளும் சின்னவளின் கவுன் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால் கடலைப் பற்றி என்னைக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் திரும்பி வந்து இறங்கிய அன்று சகலை துறைமுகத்துக்கு வெளியே அதே குடையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். அதை எங்களிடமே கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் வைத்திருந்த தன் பழைய குடையை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். யாரோ ஒரு பெண் கொண்டுவந்து விட்டாள் என்று மட்டும் மனைவி சொன்னாள்; சிவப்புக் கவுனைப் பார்த்து அடையாளம் கண்டிருப்பாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கடையிலும் அப்படித்தான் சொல்லி வந்தேன். சிவப்புப் புடவை கேட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கதை இலவசம். சகலை எத்தனையோ முறை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறார். ஒரு முறையும் மறுக்கவில்லை.

போன வருடம் முட்டிவலி முற்றி, மில்லைக் கொடுத்துவிட்டு, ஓசூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இந்த வைகாசி கருடசேவைக்கு அவரில்லை. சின்னவள் கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்து என் கையில் கொடுத்து, “பெரியப்பா எடத்துல நில்லுப்பா” என்றாள். நின்றேன். அரித்தது, கால் மாற்றினேன், எட்டிப் பார்த்தேன், பெரியவளைக் காணோமே என்று இரண்டு முறை கிளம்பப் போய் மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டேன். “யோவ், கொடைய மடக்கு!” என்றார்கள். மடக்கவில்லை. ஒரே இடத்தில் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முதலில் வந்து சேர்ந்தவள் சின்னவள்தான். அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டது யார், சிவப்புக் கவுனைப் பார்த்து வந்தவரா என்று அப்போதுதான் முதல் தடவையாக அவளையே கேட்டேன்.

“கவுனு செவப்பா, அப்பா?” என்றாள்.

பிறகு சொன்னாள். எங்களைக் காணாமல் எதிர்ப்பக்கத்துச் செருப்புக் கடைப் படியில் ஏறி உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கடையிலிருந்த அக்கா தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கூட்டத்துக்கு மேலே ஒரு கருப்புக் குடை விரிந்ததைப் பார்த்ததும் “அதோ பெரியப்பா” என்று காட்டியிருக்கிறாள். அந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து, குடை நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.