ஆரஞ்சுத் தோலாகிப்போன பித்தளைத் தகடு

சிம்பாங் அம்பாட்டில், பித்தளைத் தகடு உருட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் லேப் பொறுப்பில் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாயான் பாருவிலிருக்கும் வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஜினியர் தேவி முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எங்கள் தகட்டை பிரஸ்ஸில் அழுத்திச் செய்த சின்னச் சின்ன மூடிகள் அதில் இருந்தன.

“ஸ்டெல்லா அக்கா, நீங்களே தொட்டுப் பாருங்க. ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கு லா! நாலு லைன் நின்னு போச்சு.”

வழவழவென்று இருக்க வேண்டிய வளைவு விரலுக்குச் சொரசொரத்தது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயரே ஆரஞ்சு பீல்தான். தகட்டுக்குள் கிரெய்ன், அதாவது உலோகத்தின் நுண்மணிகள், பெரிதாக இருந்தால், அழுத்தி இழுக்கும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்து மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

மேனேஜர் ராஜேந்திரன் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “முனியாண்டி ஃபர்னஸ்ல ரொம்ப நேரம் வச்சுட்டாரு. வேற என்ன? அடுத்த வாரத்துலேருந்து அவரு பேக்கிங்குக்குப் போகட்டும்.”

முனியாண்டி அண்ணன் பதினெட்டு வருடமாக, தகட்டைச் சூடாக்கி மென்மையாக்கும் அன்னீலிங் ஃபர்னஸைப் பார்ப்பவர். சூடும் நேரமும் பதிவான சார்ட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். “சூடு சரி, நேரம் சரி பாஸ். இதுக்கு மேல நான் என்ன சொல்றது?”

“சார்ட் சரியா இருந்து என்ன? சாமான் கெட்டுப்போச்சே!”

நான் லேபுக்குப் போய், பழைய நல்ல காயிலில், அதாவது தகட்டுச் சுருளில், ஒரு துண்டு, இந்தக் காயிலில் ஒரு துண்டு வெட்டினேன். பாலிஷ் போட்டு, ஆசிட்டில் நனைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பழையதில் கிரெய்ன்கள் பொடிப் பொடியாக நெருங்கியிருந்தன. இதிலோ ஒவ்வொன்றும் பலமடங்கு பெரிது. ஃபர்னஸ் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் சார்ட்டில் குறையே இல்லை.

பிறகுதான், சுருளை உருட்டிய விவரம் எழுதிய காயில் கார்டை எடுத்தேன். வழக்கமாக ஒரு மில்லிமீட்டர் தகட்டின் தடிமனை ரோலில் பாதியாக இறக்கித்தான் அன்னீல் செய்வோம். இந்த முறை ஏற்கெனவே அன்னீல் ஆகி ஸ்டோரில் சும்மா கிடந்த 0.6 மில்லிமீட்டர் தகட்டை எடுத்து, ரோலில் ஒரே ஓட்டத்தில் 0.5க்கு இறக்கியிருந்தார்கள். ‘வேலை மிச்சம்’ என்று அந்த யோசனையைச் சொன்னவள் நான். அனுமதிக் கையெழுத்தும் என்னுடையது. அதற்காக மேனேஜரிடம் பாராட்டுகூட வாங்கியிருந்தேன்.

ரோலில் நன்றாக நசுங்கிய தகட்டைச் சூடாக்கினால், புதிய கிரெய்ன்கள் ஏராளமான இடங்களில் ஒரே சமயத்தில் முளைக்கும். ஒன்றையொன்று நெருக்குவதால் எல்லாம் சிறிதாகவே நிற்கும். லேசாக நசுக்கினாலோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். இடம் தாராளமாக இருப்பதால் ஊதிப் பெருத்துவிடும். சூடு சரியாகவே இருந்தாலும் இதுதான் கதி.

கார்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். தேவியும் முனியாண்டி அண்ணனும் அங்கேயே இருந்தார்கள்.

“பாஸ், தப்பு ஃபர்னஸ்ல இல்ல. என் மேலதான்.”

மேனேஜர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தேவிதான் முதலில் பேசினார். “சரி அக்கா, யாரு தப்போ இருக்கட்டும். எனக்கு நல்ல தகடு எப்ப வரும்?”

அன்றே ஒரு மில்லிமீட்டர் காயிலை ரோலில் ஏற்றினோம். அதே ஃபர்னஸ், அதே சூடு, அதே நேரம். கிரெய்ன் பொடியாக வந்தது. வியாழக்கிழமை தேவி போன் செய்தார். “மூடியில என் மூஞ்சி தெரியுது லா!”

மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் முனியாண்டி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். அண்ணனோ என் பக்கம் திரும்பி, “பேக்கிங்ல குளுகுளுன்னு ஏர்கோன் இருக்குன்னு ஆசையா இருந்தேன். கெடுத்துட்டியே மா!” என்றார். அறையே சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான்தான், பயம் விட்ட சிரிப்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தகடு கெட்டால், ஃபர்னஸைக் குறை சொல்லும் முன் அது ரோலில் எவ்வளவு நசுங்கியது என்று கேளுங்கள். பதில் உங்கள் கையெழுத்திலேயே இருந்தால், அதையும் உரக்கப் படியுங்கள்.