குதிகால் வெடிப்பும் காலிஃபிளவர் புழுவும்

பொட்டலத்தில் இருந்த புழுக்கள் என் குதிகால் வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்து, இரண்டே நாளில் என்னைக் காலி செய்துவிடும் என்று மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் குதிகால் வெடித்திருந்தால் தெரியும்.

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் மனைவி தொட்டிகளில் காலிஃபிளவர் வளர்த்துவந்தாள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வீட்டுக் காலிஃபிளவர்தான் என்று மாதா கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. பூ பிடிக்கிற நேரத்தில் புழு வந்து இலைகளைச் சல்லடையாக்கியது. பூச்சிமருந்து அடித்தால் சமைக்கவே மாட்டேன் என்றாள்.

நர்சரியில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஒரு பொட்டலம் கொடுத்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களாம். தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்ததும் செடியிலும் மண்ணிலும் தெளித்தால், இலை தின்னும் புழுவின் உடம்புக்குள் புகுந்து கொன்றுவிடுமாம். அதுவரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னான். மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாலையில் வெறுங்காலோடு தெளித்தேன். தொட்டிக்குப் போனது பாதி, என் காலுக்குப் போனது மீதி. அப்போதுதான் ‘உள்ளே புகுந்து’ என்று அவன் சொன்னது உறைத்தது. உடனே குதிகால் நமநமத்தது. பிறகு முழங்கால். சாப்பிட உட்காருவதற்குள் தொப்புள்வரை ஏறிவிட்டன. மச்சானுக்குப் போன் போட்டேன்.

“மாமா, அது பூச்சி புழுவைத்தான் துன்னும். மனுசனை ஒண்ணியும் பண்ணாது. நீ இன்னா புழுவா?”

தொப்பையைத் தடவிப் பார்த்தேன். நான் சாப்பிடுகிற அழகுக்கு, நூற்புழுவுக்கு அந்தச் சந்தேகம் வராது என்று என்ன நிச்சயம்?

மறுநாள் காலை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். முதல் தொட்டியில் ஊற்றி முடித்தபோது மனைவி வந்துவிட்டாள்.

“யோவ், இன்னா பண்ணிகினு கீற?”

குடும்பத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்னேன்.

“மொதல்ல உன்கிட்டேர்ந்து செடிய காப்பாத்தணும்யா” என்று வாளியைப் பிடுங்கி, மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஓரிரு நாள் கழித்து அவளே கூப்பிட்டுக் காட்டினாள். தொட்டி மண்ணைக் கிளறியதும், இலை தின்ற புழுக்கள் செங்கல் நிறத்தில் தொளதொளவென்று செத்துக் கிடந்தன. நான் அவசரமாக என் காலைக் குனிந்து பார்த்தேன். வழக்கமான நிறம்தான்.

கிறிஸ்துமஸுக்குக் காலிஃபிளவர் வறுவல் இருந்தது. எல்லாச் செடிகளும் பிழைத்தன, நான் பிளீச்சிங் பவுடர் ஊற்றியதைத் தவிர.