பிழை தேடக் கற்றுக்கொடுத்த வருஷங்கள்

அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். இதில் யாரிடமும் நல்ல பெயர் வாங்க முடியாது என்பது இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியர்களுக்குத் தெரியாததா? நாகர்கோவிலிலிருந்து வந்து திருவனந்தபுரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தவள், போன மாதம் ஓய்வும் பெற்றுவிட்டேன். சில நாட்கள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

திரும்பி வந்த கட்டுரை

மென்பொருளில் எந்த இடம் அடிக்கடி பழுதாகிறது என்பது என் ஆராய்ச்சி. ஊர்ப்புறத்துக் கழக்கூட்டம் மென்பொருள் கம்பெனிகளில் ஏறி இறங்கி, அவர்களுடைய பழைய பிழைப் பட்டியல்களைக் கெஞ்சி வாங்கினேன். கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை வரிக்கு வரி குறை சொல்லித் திருப்பி அனுப்பியது. சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. பின்னால் அது திருத்தி வெளிவந்ததற்கு, அன்று பக்கத்து மேஜை லிஸி டீச்சர் அந்தக் குறைகளையெல்லாம் நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னதுதான் காரணம்:

“நம்ம எழுதினதை முழுசா வாசிக்க ஒரு ஆள் கிட்டியிருக்கே டீச்சரே, அதை விடலாமா?”

இரண்டு மாரியம்மா

என் மாணவி செல்வி, போனக்காடு தேயிலை எஸ்டேட் பெண். வாய்மொழித் தேர்வுக்குக் கோழிக்கோட்டிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, தலைகுனிந்து நின்றாள். தேறாவிட்டால் கிடைத்திருந்த வேலை போய்விடும். அவரிடம் அனுமதி வாங்கி, “உனக்கு வர்ற பாஷையில சொல்லு” என்றேன்.

மெல்லத் தமிழில் ஆரம்பித்தாள். அவள் சோதித்தது ஆஸ்பத்திரி டோக்கன் மென்பொருள். ஒரே பெயர், ஒரே வயதில் இருவர் வந்தால் இரண்டாமவர் வரிசையிலிருந்தே காணாமல் போனார். அதைச் சோதித்துப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன். “எங்க எஸ்டேட் லைன் வீடுகள்ல ரெண்டு மாரியம்மா உண்டு, மிஸ். ரெண்டு பேருக்கும் ஒரே வயசு” என்றாள். பிறகு அவள் பேச்சு நிற்கவேயில்லை. அவள் வெளியே போனதும் தேர்வாளர் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார்:

“எனக்குப் பாதிதான் மனசிலாயி டீச்சரே. அந்தப் பாதிக்கே முழு மார்க் போடலாம்.”

கடைசி வகுப்பு

இப்போது புரோகிராமை மெஷினே எழுதிவிடுகிறது. இனி இந்தப் பாடம் எதற்கு என்று மாணவர்கள் என்னைத்தான் கேட்கப்போகிறார்கள் என்று பயந்து, நானே முந்திக்கொண்டு கேட்டேன். பின் பெஞ்சு அனீஷ் சாவகாசமாக எழுந்தான்:

“எழுதறது மெஷின், மிஸ். தப்பாப் போனா திட்டு வாங்கறது நாங்கதானே.”

இத்தனை வருஷ உழைப்பில் கண்ட பலன், பழைய மாணவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயருக்கு முன்னால் அச்சுப்பிழை கண்ணில் படுவதுதான்.