பதில் வருமுன் சொன்ன ‘உறுதி’

ஆம்புலன்ஸ் டிரைவரின் கைக்கருவித் திரையில் ‘உறுதி’ என்ற சொல் பச்சையாக எரியும். அதை எரியவைக்கும் நிரலை எழுதியவள் நான். வேலையில் சேர்த்துவிட்டவர் பெரியப்பா மகன்; கூடவே வளர்ந்த அண்ணன். அருப்புக்கோட்டையில் சிறிய கம்பெனி நடத்திவந்தார். எந்த மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று திருச்சுழிப் பக்கத்து ஆம்புலன்ஸ்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அது. மருந்து இருப்பு விவரம் டவரிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் ரேடியோபோல ஒலிபரப்பாகும். கேட்பது எளிது. அந்தப் பக்கத்து வயற்காட்டுக்குள்ளிருந்து திரும்பப் பேசுவதுதான் பெரும்பாடு. சிக்னல் இழுத்துக்கொண்டே நிற்கும். மிச்சமிருக்கும் மருந்தை இரண்டு வண்டிகள் ஒருசேரக் கேட்டால்? முதலில் வந்து சேரும் கோரிக்கைக்கே மருந்து. ‘மருந்து உங்களுக்கே’ என்று மையத்துச் சர்வர் பதில் சொல்லும்வரை கருவி ‘உறுதி’ காட்டக் கூடாது. இந்த விதிக்காக அண்ணனிடம் எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். “நீ சொன்னாச் சரிதாம்மா” என்பார்.

காத்திருக்க முடியவில்லை என்று டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரிகள் பார்வையிட வரவிருந்த சமயம், பொத்தானை அழுத்தியதுமே கருவி ‘உறுதி’ காட்டும்படி அண்ணன் மாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம், மக்காச்சோளக் காட்டில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்தது. பச்சை எழுத்தை நம்பி வண்டி வீரசோழன் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அங்கிருந்த மருந்து ஏற்கெனவே ஒரு சிறுமிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வருவதற்குள் விஷம் தன் வேலையைப் பார்த்துவிட்டது. உயிர் பிழைத்தது; ஆனால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “அந்தப் பகுதி தங்கச்சி எழுதுனதுங்க. அனுபவம் பத்தல.” வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மாத்துனது நாந்தான், இல்லைங்கல. கம்பெனி நிக்கணும்ல? நம்ம வீட்டுப் புள்ள, பொறுத்துக்க மாட்டியா?” நான் பிறத்தியாளாக இருந்திருந்தால் அவருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்காது. திரும்ப உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. வேலை போயிற்று. வீட்டிலோ, அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அம்மாவே பேசாமலிருந்தாள். அதன்பிறகு அண்ணன் என் விதியைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது வேறு ஊர்களிலும் அது ஓடுகிறது.

போன வாரம்தான் காலை இழந்த அந்தப் பெண்ணைத் தேடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்றே நினைத்தேன். அவர் ஊன்றுகோலை நகர்த்தி, உட்கார இடம் விட்டார்.

“கூடப் பொறந்தது மாதிரி வளந்தவுகளா இப்படிச் செஞ்சாக?” என்றார். “அப்ப ஒரு நல்லது கெட்டதுன்னா நீங்க யாருகிட்டம்மா போவீக?”