நினைவு தப்பும் கணினிகளோடு

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் வாயிலிருந்து வரவே கூடாத ஒரு சொல் இருக்கிறது: "சில நேரம்."

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கணினிப் பழுதுபார்ப்புக் கடை. நானும், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குமரேசனும்தான் ஆட்கள். எரிந்துபோன கணினியைக் கொண்டுவந்தால் சந்தோஷமாக வாங்கி வைப்போம். "சில நேரம் தானா நின்னுடுதுங்க" என்று யாராவது சொன்னால் எங்கள் இருவர் முகமும் மாறிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி ரேம்தான். கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாகப் போட்டு வைத்துக்கொள்கிற சின்னப் பச்சை அட்டை அது. அதில் ஒரு மூலை கெட்டிருந்தாலும், அந்த மூலையைத் தொடும்வரை கணினி சமர்த்தாக ஓடும். தொட்டதும் திரை நீலமாகிவிடும். எப்போது தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரிக்கு வரி 'சேவ்' பொத்தானை அமுக்கிக்கொண்டு, நெஞ்சு படபடக்கத் தட்டச்சு செய்கிற அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே சாதி.

கோபக்காரப் படங்கள்

தனபாலன் ஐயா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணினியைத் தள்ளுவண்டியில் கட்டி இழுத்து வந்தார். மூடியைக் கழற்றினால் உள்ளே காய்ந்த மல்லிகைப்பூ. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "செய்தி படிச்சா நிக்கலம்மா. பாட்டு கேட்டாலும் நிக்கல. போன வருஷம் தவறிப்போன என் வொய்ஃப் படத்தைத் திறந்தா மட்டும் நின்னுடுது." பிறகு இன்னும் தாழ்த்தி, மறுமணம் செய்துகொள்ள ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டிருப்பதாகவும், அந்தப் பேச்சு தொடங்கியதிலிருந்துதான் இப்படி நடப்பதாகவும் சொன்னார். படையல் போட்டுப் பார்த்தாராம். பூவும் வைத்துப் பார்த்தாராம்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. படங்களைத் திறந்தேன். பச்சைப் புடவையில் ஒரு அம்மா, நெற்றியும் கண்களும் தெரிந்தன. வாய் தெரிவதற்குள் திரை நீலமானது. என் கையில் மயிர் சிலிர்த்தது. குமரேசன் முக்காலியிலிருந்து இறங்கி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு யோசித்தேன். அவை ஐயாவின் மருமகன் பெரிய கேமராவில் எடுத்த படங்கள். கனமானவை. ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்போது ரேம் நிரம்பி, கெட்ட மூலைவரை போய்விடுகிறது. அதே கேமராவில் எடுத்த பறவைகள் பூங்காப் படங்களைத் திறந்தேன். மயிலுக்கும் நின்றது. ரேமை மாற்றியதும் எல்லாப் படங்களும் திறந்தன. ஐயா அந்தப் பச்சைப் புடவைப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் கேட்டார்: "அப்போ அவளுக்குக் கோவம் இல்லையாம்மா? கொஞ்சம்கூடவா இல்ல?"

மாறிப்போன எண்

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு டாக்டரின் சின்ன மருந்தகம். அங்கே தாதியாக இருக்கும் புஷ்பா எனக்குப் பழக்கம். மருந்துப் பொட்டலத்தில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிக்கிற கணினி சில நாளாக அடிக்கடி நிற்கிறது, வந்து பாருங்கள் என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஸ்டிக்கரை நோயாளிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது அவள் வழக்கம். அன்றைக்கு அப்படிப் படிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். டாக்டர் போட்டது இரவில் ஒரு மாத்திரை. ஸ்டிக்கரில் இருந்தது ஐந்து. "நான் தப்பா அடிக்கலக்கா. ஸ்கிரீன்ல ஒண்ணுதான் இருந்துச்சு. பிரின்ட்ல மாறியிருக்கு."

ரேம் கெட்டால் கணினி நிற்பது மட்டுமல்ல, நிற்காமல் ஓடிக்கொண்டே ஒரு எண்ணை வேறொரு எண்ணாக மாற்றியும் வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர்கள்?

டாக்டர் உடனே கவுன்டரை மூடச் சொன்னார். மருந்து வாங்கிப் போனவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் மேசைக்கு அடியில் படுத்துத் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே புஷ்பாவின் குரல்: "ஆன்ட்டி, அந்தப் பாக்கெட்ட எடுத்து, என்ன போட்டிருக்குன்னு படிங்க." பிறகு அந்தப் பக்கம் ஆள் எழுந்துபோய் எடுத்து வரும்வரை ஒரு மௌனம். அந்த மௌனத்தில் எனக்குத் திருப்புளி வழுக்கிக்கொண்டே இருந்தது. எல்லாரும் சரியாகவே படித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே போகலாம் என்று புஷ்பா கைப்பையைத் தூக்கிய நேரத்தில் அவரே கூப்பிட்டார். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். புஷ்பா விஷயத்தைத் தொடங்குவதற்குள், குற்றம் கண்டுபிடிக்கப்பட்டவர் மாதிரி அவர் கத்தியது எனக்கு மேசைக்கு அடியில் கேட்டது: "திட்டுறதுக்கா இத்தன தடவ போன் பண்ணே? அந்த மருந்த நான் இன்னும் பிரிக்கவே இல்லலா!"

வேர்க்க வேர்க்க ஒரு பரிசோதனை

முருகையன் கப்பல் பட்டறையில் வெல்டர். பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். தேர்வு இணையத்தில். எழுதுகிறவரை லேப்டாப் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் முறை எழுதும்போது லேப்டாப் தானாக அணைந்து, ஏமாற்றப் பார்த்தார் என்ற சந்தேகம் அவர்மேல் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் விண்ணப்பம் ரத்து என்று எச்சரிக்கையும் வந்திருந்தது. "நான் எதையும் பாத்து எழுதலக்கா. சத்தியமா. அதுவா அணைஞ்சுது. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீந்தி வந்து அவர் கொடுத்த லேப்டாப், எங்கள் கடையில் அசையாமல் ஓடியது. சோதனை மென்பொருளை எத்தனை தடவை ஓட்டினாலும் குறையே இல்லை என்றது. முருகையன் எங்களைப் பார்த்த பார்வையில், இவர்களும் நம்பமாட்டார்கள் என்ற பயம் தெரிந்தது. குமரேசன்தான் கேட்டான்: "அண்ணே, உங்க ரூம்ல ஏசி இருக்கா?" ஃபேன்தான், அதுவும் தூரத்தில் என்றார். உடனே கடை ஏசியை நிறுத்தி, சன்னலைச் சாத்தினோம். மூன்று பேரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு லேப்டாப்பையே பார்த்தபடி இருந்தோம். அது சூடேறச் சூடேற, சோதனைத் திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது. அப்புறம் வரிசையாக வந்தது. சூட்டில் மட்டும் தடுமாறுகிற ரேம். முருகையன் அந்தச் சிவப்பு வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ரேமை மாற்றியும் அவருக்குத் தைரியம் வரவில்லை. தேர்வை எங்கள் கடையிலேயே எழுதட்டுமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அவரை உள்ளே உட்கார வைத்து, வேறு குரல் கேட்கக் கூடாது என்பதால் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தோம். கீழே பூக்கடையில் யாராவது சத்தமாகப் பேரம் பேசினால் குமரேசன் கைகூப்பிக் கெஞ்சினான். நடுவில் உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் எழுந்து கதவுப் பிடியில் கைவைத்தேன். திறந்தால் கேமராவில் நான் தெரிவேன், அவர் கதை முடிந்தது. கையை எடுத்துவிட்டேன். என் சொந்தத் தேர்வுகளுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

அவர் தேறிவிட்டார். இப்போது பட்டறையில் தலைக்கவசம் போடாதவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறாராம். ஆனால் அன்று கதவைத் திறந்து வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கம்ப்யூட்டர் நிக்கலக்கா," என்றார், "நான்தான் நடுவுல கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

வா வா வா

சேகருக்குக் கண் பார்வை கிடையாது. சிராங்கூன் வட்டாரத்தில் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு, கணினி வழியாக ஒரு நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் அனுப்புகிற வேலை. திரையில் இருப்பதைக் கணினி அவருக்கு வாய்விட்டுப் படிக்கும். அது பாதியில் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார். ஒரு மழைநாள் மத்தியானம் போனேன். வீடு முழுக்க இருட்டு. தயங்கி நின்றேன். "லைட்டப் போட்டுக்குங்க, எனக்குத் தேவையில்லன்னு மறந்துடுறேன்" என்று சிரித்தார்.

கணினி ஒரு பெண் குரலில் வேகவேகமாகச் செய்தி படித்துக்கொண்டிருந்தது. 'வானிலை' என்று தொடங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டது. வா, வா, வா, வா, வா என்று அதே தொனியில், நிறுத்தாமல் கூப்பிட ஆரம்பித்தது. காரணம் எனக்குத் தெரியும். கணினி உறைந்தால் கடைசித் துண்டு ஒலி இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும். தெரிந்தும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சேகர் கையை நீட்டித் துழாவி, மின்சாரப் பொத்தானை அணைத்தார். திரை நீலமானதா கறுப்பானதா என்று நம்மைப் போல அவர் பார்க்க முடியாது. யாருமில்லாத வீட்டில் அவருக்குக் கேட்பது அந்த அழைப்பு மட்டும்தான்.

ரேமை மாற்றினேன். ஒரு முழுச் செய்தியையும் அது தடங்கலில்லாமல் படித்து முடிக்கும்வரை என்னைப் போகவிடவில்லை அவர். நானாகவும் போயிருக்க மாட்டேன். வாசல்வரை வந்து வழியனுப்பியவர், வெட்கத்தோடு சொன்னார்: "பதில் சொன்னா நிறுத்திடுமோன்னு, ஒருநாள் அதுகிட்ட 'வர்றேன், வர்றேன்'னு சொல்லிக்கூடப் பாத்தேங்க."

பழுதான ரேமுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது, அதைத் தேடித் தேடியே பழுதாகிப்போன என் தைரியத்துக்குத்தான் இன்னும் யாரும் உதிரிப்பாகம் விற்கவில்லை.