ரெண்டு கோட்டுக்காரரின் ரத்தம்

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற அந்த மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரெண்டு கோட்டு’ என்றால்தான் தெரியும். ஒரு கோட்டுப் பூச்சே போதும் என்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தினாலும், ஜன்னல் வழியே பிரஷ்ஷை நீட்டி இரண்டாவது கோட்டு அடித்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார்.

அப்படிப்பட்டவருக்குக் கல்லீரலில் ஹெபடைடிஸ் சி வந்தது. வாரம் ஓர் ஊசி, காலையும் இரவும் மாத்திரை. கிருமியை அடிக்கிற சாக்கில் மருந்து ரத்தத்தையும் ஒரு கை பார்க்கும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். மாத்திரை சிவப்பணுவை உடைக்கும், ஊசி வெள்ளணுவைக் குறைக்கும், ரொம்ப இறங்கினால் நிறுத்த வேண்டி வரும். மற்றதை எல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர், ‘நிறுத்த’ என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். பாதியில் விட்ட சுவரை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது.

போகப் போக, நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, துணைக்கு வந்தார். இவர் தரையில் நின்று கீழ்ப்பாதி, அவர் ஏணியில் மேல்பாதி. இவர் கலந்த பச்சை வேறு, அவர் கலந்த பச்சை வேறு. ஒரு வீட்டுக் கூடம் இரவல் சட்டையும் சொந்தக் கால்சட்டையுமாக நின்றது. வீட்டுக்காரம்மா அதைப் புது மோஸ்தர் என்று நம்பிப் பக்கத்து வீட்டு வேலையையும் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த ரத்தப் பரிசோதனை நெருங்கியது. போன தடவையே சிவப்பு இறங்கியிருந்தது. ரெண்டு கோட்டு யோசித்தார். இளக்குவதற்கு ஊற்றும் தின்னர் கூடினால் பெயிண்ட் வெளுத்துப் போகும். ரத்தத்துக்குத் தின்னர் எது? தண்ணீர்தானே! பரிசோதனைக்கு முதல் நாள் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. அவருடைய டீயையும் சேர்த்துக் குடித்த சகலைக்கு ஞானம் பிறந்தது. வேர்த்தால் இன்னும் கெட்டியாகும் என்று வெயிலில் உட்கார வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒருவழியாக ரத்தம் கொடுத்து எழுந்தவர், எடை பார்க்கும் மெஷினைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தார். டாக்டரம்மா ஓடிவந்து நாக்கை நீட்டச் சொன்னார். சுவர் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி இருந்தது. தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார்.

“தண்ணி குடிச்சா ரத்தம் வெளுத்துடுமாம் டாக்டரம்மா,” என்றாள் கூட வந்திருந்த மனைவி. “மனுஷனுக்கா கழுத்த நீட்டினேன், பெயிண்டு டப்பாவுக்குல்ல நீட்டியிருக்கேன்.”

டாக்டரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “மூடாம வெச்ச டப்பா காஞ்சா கெட்டியாகும். அதுக்காக உள்ள பெயிண்டு கூடிடுமா?”

அது அவருக்குச் சட்டென்று விளங்கியது. குளுக்கோஸ் ஏற்றி, தெம்பு வந்தபின் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். உண்மையான அளவு வந்தது. இறங்கித்தான் இருந்தது. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்த நிறுத்தல. மாத்திரைய மட்டும் கொறைக்கிறேன். ஆனா வாராவாரம் வந்து ரத்தம் குடுக்கணும்,” என்றார் டாக்டரம்மா.

ரெண்டு கோட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “மெலிசா அடிச்சாலும் பரவால்லம்மா. ரெண்டாவது கோட்ட விட்டுடக் கூடாது.” சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கூஜாவை எடுத்து மடக்மடக்கென்று காலி செய்தார்.

வாசலில் சகலை கம்பளியோடு காத்திருந்தார். “இத என்ன அண்ணி பண்றது?”

“நீங்க போத்திக்கிட்டு வெயில்ல உக்காருங்க,” என்றாள் அவள். “அந்த மூளையாவது கெட்டியாகுதான்னு பாப்போம்.”